எழுதும் பக்கமும் ஓடும் பக்கமும்: ஜிட் கோடுக்கு எந்த வழி?

நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெஷின் கோடைத் தயாரித்து, அதைத் தானே ஓட்டுகிற ஏதோ ஒன்றை எழுதப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சின்ன ஸ்கிரிப்ட் மொழிக்கான ஜிட் கம்பைலர் (ஓடும்போதே மெஷின் கோடாக மாற்றும் பகுதி), ரெகுலர் எக்ஸ்பிரஷன் எஞ்சின், டேட்டாபேஸ் குவெரியை மெஷின் கோடாக மாற்றும் பகுதி, எதுவானாலும் சரி. ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கலில் வந்து நிற்பீர்கள்: கோடின் பைட்டுகளை மெமரியில் எழுத வேண்டும், எழுதிய அதே பைட்டுகளை சிபியு ஓட்ட வேண்டும். எழுத ஓர் அனுமதி, ஓட்ட இன்னோர் அனுமதி. இரண்டையும் மெமரியின் ஒரே பக்கத்துக்கு (அனுமதி கொடுக்கப்படும் மிகச் சிறிய துண்டுதான் பக்கம்) ஒரே நேரத்தில் கொடுக்காமல் இருக்கத்தான் இத்தனை பாடு.

லினக்ஸில் நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. இரண்டு அனுமதியையும் சேர்த்தே கொடுத்துவிடுவது. எம்புரொடெக்ட் என்ற சிஸ்டம் காலால் (கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியிடம், ஒரு வேலையைக் கேட்கும் அழைப்பு) மாற்றி மாற்றிக் கொடுப்பது. ஒரே மெமரியை இரண்டு முகவரிகளில் மேப் செய்து, ஒன்றில் எழுதி மற்றதில் ஓட்டுவது. சிபியு தருகிற புரொடெக்‌ஷன் கீயைப் பயன்படுத்துவது. ஆப்பிள் மேக்கில் ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அங்கே பொதுவாக அதையேதான் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பேச்சு வந்தாலே ‘எது வேகம்’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் கேள்வி அதுவல்ல. ஒரு திரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளில் ஒன்று) கோடை எழுதும்போது, அதே பக்கத்தில் இருக்கும் வேறு கோடை இன்னொரு திரெட் ஓட்டிக்கொண்டிருக்குமா? எழுதும் தேவை ஒரு திரெட்டுக்கு மட்டுமே. ஆனால் பக்க அனுமதி என்பது முழுப் புராசஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் முழு நிரலுக்கும், பொதுவானது. இந்தப் பொருத்தமின்மைதான் கீழே வரும் எல்லாச் சிக்கலுக்கும் வேர்.

திறந்தே போட்டு வைப்பது

படி, எழுது, ஓட்டு என மூன்று அனுமதியும் சேர்த்து ஒரு எம்மேப் (மெமரி வாங்கும் சிஸ்டம் கால்), அதோடு வேலை முடிந்தது. ஒரு காலத்தில் இது தவறாகவே தெரியவில்லை. 32 பிட் எக்ஸ்86-ன் (இன்டெல், ஏஎம்டி சிபியு குடும்பம்) பழைய பக்க அட்டவணையில், அதாவது சிபியு பக்கங்களின் முகவரியையும் அனுமதியையும் பார்க்கும் பட்டியலில், ‘ஓட்டக்கூடாது’ என்று குறிக்க ஒரு பிட்டே கிடையாது. படிக்க முடிந்தால் ஓட்டவும் முடியும். 2003-ல் ஏஎம்டி தன் 64 பிட் சிபியுக்களோடு அதற்கான என்எக்ஸ் பிட்டைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு மே மாதம் வந்த ஓபன்பிஎஸ்டி 3.3 இயங்குதளம், ஒரு பக்கம் எழுதக்கூடியதாக இருக்கலாம் அல்லது ஓட்டக்கூடியதாக இருக்கலாம், இரண்டுமாக இருக்கக் கூடாது என்ற கொள்கையோடு வந்தது. 2004-ல் விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, டெப் என்ற பெயரில் அந்தப் பக்கம் நகர்ந்தது.

மூன்றையும் திறந்து வைத்தால் என்ன கெட்டுவிடும்? உங்கள் நிரலில் எங்கோ ஒரு பஃபர் வழிந்து, தாக்குபவருக்கு ‘விரும்பிய முகவரியில் விரும்பிய பைட்டை எழுதும்’ வாய்ப்பு கிடைத்தது என்றால், அவர் அதற்கு மேல் சிரமப்பட வேண்டியதில்லை. உங்கள் ஜிட் பக்கத்தில் தன் கோடைப் போட்டுவிட்டு, அது தானாக ஓடும்வரை காத்திருந்தால் போதும். பிரவுசர் போல முன்பின் தெரியாத ஆட்களின் கோடை வாங்கி ஓட்டுகிற நிரலில் இது நேரடி ஆபத்து. உங்கள் சொந்த சர்வரில், நீங்களே எழுதிய ஸ்கிரிப்டை மட்டும் ஓட்டுகிற நிரலில் ஆபத்து அந்த அளவுக்கு இல்லை. ஜாவா நிரல்களை ஓட்டும் ஹாட்ஸ்பாட் லினக்ஸில் தன் கோட் கேஷை (தயாரித்த கோடை வைக்கும் இடத்தை) இன்றும் மூன்று அனுமதியோடுதான் வைத்திருக்கிறது. ஆகவே இதைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக எழுதத் தொடங்கும்போதே இதில் நின்றுவிட்டால், பிற்பாடு மாறுவது கஷ்டம். எங்கிருந்து வேண்டுமானாலும் கோட் பக்கத்தில் எழுதலாம் என்ற பழக்கம் முழு நிரலிலும் ஊறிவிடும்.

எம்புரொடெக்ட்

மூன்றே வாதங்கள்: தொடக்க முகவரி, நீளம், புதிய அனுமதி. வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் -1. எளிமையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சறுக்குகிற இடங்கள் இதில் நிறைய.

முதலில் பக்க எல்லை. தொடக்க முகவரி பக்கத்தின் முதல் பைட்டாக இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ஈஇன்வால் என்ற பிழை வரும். நீளத்தை கெர்னலே அடுத்த பக்க எல்லைவரை நீட்டிக்கொள்ளும். இந்த இரண்டு விதியும் சேர்ந்து ஓர் அழகான பிழைக்கு இடம் கொடுக்கின்றன. பக்க அளவு 4,096 பைட். உங்கள் கோட் 40,96,030 என்ற முகவரியில் தொடங்குகிறது, நீளம் 4,090 பைட். முகவரியைக் கீழே இறக்கி 40,96,000 என்று சரியாகவே கொடுத்துவிட்டீர்கள். நீளத்தை மட்டும் 4,090 என்று அப்படியே விட்டுவிட்டீர்கள். கெர்னல் அதை 4,096 ஆக்கி ஒரே ஒரு பக்கத்தை மாற்றும். ஆனால் கோட் முடிவது 41,00,120-ல், முதல் பக்கம் முடிவதோ 41,00,096-ல். கடைசி 24 பைட் அடுத்த பக்கத்தில் பழைய அனுமதியோடு கிடக்கும். எம்புரொடெக்ட் 0 என்று வெற்றியோடு திரும்பியிருக்கும். அந்த 24 பைட்டில் ஃபங்ஷனின் கடைசி ரிட்டர்ன் இருந்தால், நிரல் எல்லா வேலையையும் முடித்துவிட்டு, திரும்பும் இடத்தில் செத்துப்போகும். முகவரியை இறக்கிய அதே அளவை நீளத்தில் கூட்ட வேண்டும் என்பதே தீர்வு.

4,096 என்று எண்ணைக் கோடில் எழுதி வைப்பதும் வேண்டாம். ராஸ்பெரி பை 5-ன் வழக்கமான கெர்னலில் பக்கம் 16 கிலோபைட். ஆப்பிள் சிலிக்கான் மேக்கிலும் அப்படியே. சில ஆர்ம் சர்வர்களில் 64 கிலோபைட்கூட உண்டு. சிஸ்டத்தையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்த மெமரியின் மேல் இதைக் கூப்பிடுகிறோம் என்பது. எம்மேப்பால் வாங்கிய மெமரிக்கு மட்டுமே இது செல்லும் என்பது போசிக்ஸ் தரநிலையின் கணக்கு. லினக்ஸ் அவ்வளவு கறார் இல்லை, சாதாரணமாக மெமரி வாங்கும் மாலாக் ஃபங்ஷன் கொடுத்த இடத்தின் மேலும் கூப்பிட விடும். ஆனால் மாலாக் கொடுத்த பக்கத்தில் நீங்கள் மட்டுமா இருக்கிறீர்கள்? பக்கத்து வீட்டுக்காரர்களாக வேறு ஆப்ஜெக்ட்களும், மாலாக்கின் சொந்தக் கணக்கு வழக்கும் இருக்கும். எழுதும் அனுமதியை எடுத்தால், மெமரியைத் திருப்பிக் கொடுக்கும், சம்பந்தமே இல்லாத ஒரு ஃப்ரீ அழைப்பில் நிரல் விழும்.

இன்னொன்று: புதிய அனுமதி பழையதோடு சேராது, பழையதைத் தூக்கிவிட்டுத்தான் உட்காரும். ‘ஓட்டு’ வேண்டும் என்றால் ‘படி’யையும் சேர்த்தே கேளுங்கள். சாதாரண எக்ஸ்86-ல் ஓட்ட முடிகிற பக்கத்தை எப்படியும் படிக்க முடியும் என்பதால், அங்கே சோதித்தால் இந்தத் தவறு வெளியே தெரியாது.

செலவுக்கு வருவோம். எம்புரொடெக்ட் உள்ளே போனதும், அந்தப் புராசஸின் மெமரி வரைபடத்துக்கான பூட்டை எழுதும் முறையில் பிடிக்கிறது. அதே நேரத்தில் எம்மேப், முன்மேப் (மேப்பை நீக்குவது) என்று வரும் மற்ற திரெட்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். மாற்ற வேண்டிய பகுதி ஒரு பெரிய பகுதியின் நடுவில் இருந்தால், கெர்னல் தன் கணக்கில் அதை மூன்று துண்டாக்குகிறது. அப்புறம் பக்க அட்டவணையில் ஒவ்வொரு பதிவையும் திருத்துகிறது. அதோடு முடியவில்லை. பழைய அனுமதி சிபியுவின் ஒவ்வொரு கோரின் டிஎல்பியிலும் (பக்க அட்டவணை விவரங்களை வைத்திருக்கும் சின்னக் கேஷ்) ஒட்டிக்கொண்டிருக்கும். எக்ஸ்86-ல் உங்கள் திரெட்கள் ஓடும் ஒவ்வொரு கோருக்கும் குறுக்கீடு அனுப்பி அதைத் துடைக்கச் சொல்ல வேண்டும். எல்லோரும் முடித்தோம் என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே திரெட் என்றால் செலவு சில ஆயிரம் சுழற்சிகளுக்குள் அடங்கிவிடும். கோர்கள் கூடக் கூட ஏறிக்கொண்டே போகும். ஆர்மில் இந்தத் துடைப்பை எல்லாக் கோருக்கும் அறிவிக்க ஒரு கட்டளையே இருப்பதால் குறுக்கீடு தேவைப்படுவதில்லை, ஆனாலும் அது இலவசமல்ல.

ஆனால் செலவைவிடப் பெரிய சிக்கல் அந்தத் திரெட் விவகாரம். பக்கத்தை ‘ஓட்டு’விலிருந்து ‘எழுது’வுக்கு மாற்றிய கணத்தில், அதே பக்கத்தில் இருக்கும் வேறு ஃபங்ஷனை இன்னொரு திரெட் ஓட்டிக்கொண்டிருந்தால் அதற்கு உடனே செக்மென்டேஷன் ஃபால்ட் (நிரலையே சாகடிக்கும் அனுமதி மீறல் பிழை). ஒரு வீட்டில் குழாய் மாற்றுவதற்காகத் தெரு முழுக்கத் தண்ணீரை நிறுத்துவது போன்ற ஏற்பாடு இது. எல்லாத் திரெட்டையும் நிறுத்திவிட்டு எழுதலாம்; அவ்வளவு நேரமும் நிரல் நின்றுபோகும். நிறுத்தாமல், எழுதும் சமயத்தில் மட்டும் மூன்று அனுமதியும் கொடுக்கலாம். அப்போது கொள்கையே ஓட்டையாகிவிடும். பக்கம் எழுதக்கூடியதாக இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் இன்னொரு திரெட் மூலம் புகுந்துவிட முடியும் என்று 2015-லேயே ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இத்தனை குறைக்குப் பிறகும், ஒரு குறிப்பிட்ட வகை நிரலுக்கு எம்புரொடெக்ட்தான் சரியான விடை என்பேன். லுவா மொழிக்கான ஜிட் கம்பைலரான லுவாஜிட்டைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு லுவா நிலையும் ஒரு திரெட்டுக்கு மட்டுமே சொந்தம், அதன் மெஷின் கோட் பகுதியும் தனி. எழுதும்போது ‘படி, எழுது’, ஓட்டும்போது ‘படி, ஓட்டு’ என்று எம்புரொடெக்ட்டால் மாற்றிக்கொள்கிறது. எழுதுபவரும் ஓட்டுபவரும் ஒரே ஆள் என்பதால் மேலே சொன்ன சண்டைக்கே இடமில்லை. ஃபயர்ஃபாக்ஸும் 2016-ல் வந்த 46-ஆம் பதிப்பில் ஜிட் கோடுக்கு இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகள் கழித்து, வலைப்பக்கங்கள் ஓடும் புராசஸ்களில் மட்டும் வேகத்துக்காக அதைத் தளர்த்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு நல்ல பயன்பாடு: ஒருமுறை எழுதி, முத்திரை வைத்து, அப்புறம் தொடவே தொடாமல் விடுவது. தொடக்கத்தில் ஐந்நூறு ஃபங்ஷனைத் தயாரித்துவிட்டு அதற்கு மேல் எதுவும் மாறாது என்றால், ஒரே ஓர் எம்புரொடெக்ட் அழைப்பு போதும். வேறு எந்த வழியும் இவ்வளவு மலிவாக இவ்வளவு உறுதி தராது. லினக்ஸ் 6.10 அல்லது அதற்கு மேல் இருந்தால் எம்சீல் என்ற சிஸ்டம் காலால் அந்தப் பகுதியைப் பூட்டியும் விடலாம். பிறகு யார் எம்புரொடெக்ட் கூப்பிட்டாலும் செல்லாது.

மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறையில்தான் போகிறீர்கள் என்றால், கோடை முதலில் சாதாரண பஃபரில் முழுதாகத் தயாரித்து முடியுங்கள். அப்புறம் அனுமதியைத் திறந்து, நகலெடுத்து, மூடுங்கள். கோட் தயாரிக்கும் நேரம் முழுக்கப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் நிரல்கள் நிறைய இருக்கின்றன, காரணம் சோம்பல்தான். அடிக்கடி மாறுகிற கேஷ் மதிப்புகள், எண்ணிகள் போன்றவற்றைக் கோட் பக்கத்துக்குள் புதைக்காமல் தனி டேட்டா பக்கத்தில் வையுங்கள். நான்கு பைட்டைத் திருத்த இரண்டு சிஸ்டம் கால் என்பது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

திரும்பும் மதிப்பைப் பார்ப்பதும் முக்கியம். ஒரு புராசஸின் மெமரித் துண்டுகளுக்கு லினக்ஸில் வழக்கமான உச்சவரம்பு 65,530. அங்குமிங்குமாகப் பக்கம் பக்கமாக அனுமதி மாற்றினால் துண்டுகள் பெருகி, ஒருநாள் ஈநோமெம் என்ற பிழை வரும். மெமரி ஏராளமாகக் காலியாக இருக்கும்போது ‘மெமரி இல்லை’ என்று சொன்னால் யாருக்கும் முதலில் புரியாது. கேட்ட பகுதியில் பாதியை மாற்றிவிட்டு நடுவில் தோற்றுத் திரும்புவதும் நடக்கும்.

இரண்டு முகவரி, ஒரே மெமரி

மெம்எஃப்டி_கிரியேட் என்ற சிஸ்டம் கால் 2014-ல் லினக்ஸ் 3.17-ல் வந்தது. டிஸ்கில் இல்லாத, மெமரியில் மட்டும் வாழும் ஒரு கோப்பை அது கொடுக்கும். அந்தக் கோப்பை ஒரு முகவரியில் ‘படி, எழுது’ என்றும், இன்னொரு முகவரியில் ‘படி, ஓட்டு’ என்றும் எம்மேப் செய்துவிடுங்கள். முதல் முகவரியில் எழுதினால் இரண்டாவதில் தெரியும். எந்தப் பக்கத்தின் அனுமதியும் மாறுவதில்லை. ஆகவே டிஎல்பி துடைப்பு இல்லை, யாரையும் நிறுத்த வேண்டியதில்லை. ஒரு திரெட் எழுத, மற்றவை ஓடிக்கொண்டே இருக்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் இந்த வழியில்தான் போனது: 6-ஆம் பதிப்பில் விருப்பப்பட்டால் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்து, 2022-ல் வந்த 7-ஆம் பதிப்பில் வழக்கமாக்கியது.

பல திரெட் ஜிட்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, முகவரிக் கணக்கு. எக்ஸ்86-ன் கால், ஜம்ப் கட்டளைகள் பெரும்பாலும் ‘இங்கிருந்து இத்தனை பைட் தள்ளி’ என்ற கணக்கில் போகும். நீங்கள் எழுதுவது எழுதும் முகவரியில். ஆனால் ‘இங்கிருந்து’ என்பது ஓடும் முகவரி. ஜிட் பகுதிக்குள்ளேயே குதித்தால் இரண்டு கணக்கும் ஒன்றாகவே வரும் என்பதால் தவறு தெரியாது. வெளியே இருக்கும் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்ட முதல் நாள்தான் வெடிக்கும். எழுதும் முகவரி, ஓடும் முகவரி இரண்டுக்கும் கோடில் தனித்தனி டைப் வைத்துவிடுங்கள். கலந்தால் கம்பைலரே கத்தும்.

இரண்டு, ஃபோர்க் (ஒரு புராசஸ் தன்னையே நகலெடுத்துப் பிள்ளைப் புராசஸை உருவாக்குவது). இந்த மேப்பிங் பகிர்ந்துகொள்ளும் வகை. சாதாரண மெமரி ஃபோர்க்குக்குப் பிறகு, யாராவது எழுதும்போது பிரிந்துவிடும், இது பிரியாது. பிள்ளைப் புராசஸ் புதிதாக ஒரு ஃபங்ஷனைக் கம்பைல் செய்தால், பெற்றவர் ஓட்டிக்கொண்டிருக்கும் கோடின் மேலேயே எழுதும். இருவரிடமும் ‘அடுத்த காலி இடம்’ ஒரே எண்ணாக இருக்கும், இருவரும் அதே இடத்தில் வெவ்வேறு கோடைப் போடுவார்கள். எந்த லாகிலும் காரணம் தெரியாத கிராஷ் இது. முன்கூட்டியே பல பிள்ளைகளை ஃபோர்க் செய்து வைக்கும் சர்வருக்குள் உங்கள் லைப்ரரி உட்காரப் போகிறது என்றால், ஃபோர்க்குக்குப் பின் பிள்ளையில் புதிய மெம்எஃப்டியை உருவாக்கி, கோடை நகலெடுத்து, அதே முகவரிகளில் மேப் செய்யும் வேலையையும் எழுதியாக வேண்டும்.

மூன்று, பாதுகாப்பு. எழுதும் முகவரி எப்போதும் திறந்தே இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தாக்குபவருக்குத் தெரியாதவரைதான் காப்பு. நிரலின் ஏதோ ஒரு ஸ்ட்ரக்சரில் அந்த பாயின்டரை வைத்திருப்பீர்கள், அவர் அதைப் படித்துவிட்டால் முதல் வழிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. டாட்நெட் எழுதும் மேப்பிங்கைத் தேவைப்படும்போது உருவாக்கி, பிறகு நீக்கிவிடுகிறது. நீக்குவது முன்மேப், அதற்கும் டிஎல்பி துடைப்பு உண்டு. ஆக, மிச்சப்படுத்திய செலவில் ஒரு பங்கு இங்கே திரும்பிவிடும்.

ஆர்மில் ஓட்டுவதாக இருந்தால் கட்டளை கேஷையும் (ஓட்டும் கட்டளைகளின் நகலை சிபியு வைத்திருக்கும் இடம்) நீங்களே துடைக்க வேண்டும். எக்ஸ்86 போல ஹார்ட்வேர் அதைப் பார்த்துக்கொள்ளாது. இது எல்லா வழிக்கும் பொது. ஆனால் இந்த வழியில், துடைக்கச் சொல்லும்போது ஓடும் முகவரியைக் கொடுக்க மறந்து எழுதும் முகவரியைக் கொடுத்துவிடும் வாய்ப்பு கூடுதல்.

புரொடெக்‌ஷன் கீ

எழுதும் அனுமதி திரெட்டுக்குத் திரெட் வேறாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மேலே படிக்கும்போதே தோன்றியிருக்கும். இன்டெல் அதைத்தான் செய்தது. பக்க அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் 4 பிட்டை ஒரு கீ எண்ணுக்காக ஒதுக்கினார்கள், ஆக மொத்தம் 16 கீ. ஒவ்வொரு திரெட்டின் சூழலிலும் பிகேஆர்யு என்ற 32 பிட் ரிஜிஸ்டர். அதில் கீ ஒன்றுக்கு இரண்டு பிட்: தொடவே கூடாது, எழுதக் கூடாது. இந்த ரிஜிஸ்டரை மாற்ற கெர்னலுக்குள் போகவே வேண்டாம், ஒரே ஒரு கட்டளை போதும். எம்புரொடெக்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் சுழற்சி போகும் இடத்தில் இதற்குச் சில பத்துகள்தான். டிஎல்பியைத் தொடுவதே இல்லை.

லினக்ஸ் 4.9-ல் பிகீ_அலாக், பிகீ_ஃப்ரீ, பிகீ_எம்புரொடெக்ட் என்று மூன்று சிஸ்டம் கால் சேர்ந்தன. ஒரு கீயை வாங்கி, ஜிட் பகுதி முழுவதற்கும் பிகீ_எம்புரொடெக்ட்டால் ஒருமுறை ஒட்டிவிட வேண்டும். பக்க அட்டவணையின் கணக்கில் அந்தப் பகுதி மூன்று அனுமதியோடும் இருக்கும். ஆனால் எல்லாத் திரெட்டின் ரிஜிஸ்டரிலும் ‘எழுதக் கூடாது’ போட்டிருக்கும். கம்பைல் செய்யும் திரெட் மட்டும் தன் ரிஜிஸ்டரில் அதை நீக்கி, எழுதி, மறுபடி போட்டுக்கொள்ளும். குரோமின் வி8 ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் இந்தத் திசையில் போவதை 2023 அக்டோபரில் விளக்கியிருந்தார்கள்.

கேட்க இனிக்கிறது. இதில் கடிக்கும் இடம் வேறு. பிகேஆர்யு டேட்டா படிப்பதையும் எழுதுவதையும் மட்டும்தான் தடுக்கும். கோடை ஓட்டுவதைத் தடுக்காது. லினக்ஸில் கீ 0 தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தொடக்க நிலை ‘தொடவே கூடாது’. பிகீ_அலாக் கூப்பிடும் திரெட்டுக்கு மட்டும்தான் நீங்கள் கேட்ட உரிமை கிடைக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மற்ற திரெட்கள் பழைய நிலையிலேயே இருக்கும். அவை உங்கள் ஜிட் கோடை ஜம்மென்று ஓட்டும். ஆனால் அந்தக் கோட், தனக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் ஒரு மிதவைப்புள்ளி மாறிலியையோ ஜம்ப் டேபிளையோ படிக்கப்போன கணத்தில் விழும். பத்து ஃபங்ஷனில் ஒன்பது ஓடும், பத்தாவது விழும். விழும்போது கெர்னல் அனுப்பும் சிக்னலின் விவரத்தில் காரணக் குறியீட்டைப் பார்த்தால் சாதாரண அனுமதிப் பிழை அல்ல, கீ பிழை என்று தனியாகக் குறித்திருக்கும். அதை லாகில் எழுதி வைத்தால் பல மணி நேரம் மிச்சம். சிக்னல் ஹேண்ட்லருக்குள் நுழையும்போதும் ரிஜிஸ்டர் அந்தத் தொடக்க நிலைக்குப் போய்விடும் என்பதால், ஹேண்ட்லருக்குள்ளிருந்து ஜிட் கோடைப் படித்து ஸ்டாக்கைப் பின்னோக்கி விரிக்கும் புரொஃபைலர்களும் இதே இடத்தில் விழும். திரெட்களைத் தொடங்கும் முன்பே கீயை வாங்கிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும், புதிய திரெட் தன்னை உருவாக்கியவரின் ரிஜிஸ்டரை அப்படியே பெற்றுக்கொள்ளும். உங்களுடையது வேறொருவர் நிரலுக்குள் ஏற்றப்படும் லைப்ரரி என்றால் அந்த வசதி உங்கள் கையில் இல்லை.

ஹார்ட்வேரும் வேண்டும். இன்டெலில் 2017-ன் ஸ்கைலேக் சர்வர் சிபியுக்களிலும், ஏஎம்டியில் 2020-ன் ஜென் 3-லும் வந்தது. சிபியுவில் இருந்தாலும், மேலே ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்குள் அது தெரியாமலும் போகலாம். ஆர்ம் 64-க்கு இதற்கு இணையான வசதியை லினக்ஸ் 6.12-ல்தான் சேர்த்தார்கள். ஆகவே இது தனியாக நிற்க முடியாத வழி. இதற்குப் பின்னால் இன்னொரு வழியை எப்படியும் எழுதத்தான் வேண்டும். இரண்டு வழியைப் பராமரிக்க ஆள் இருக்கும் குழுவுக்கு இது நல்ல தேர்வு. ஒருவர் இருவர் எழுதும் புராஜெக்டுக்கு வேண்டாம் என்பது என் எண்ணம்.

மேக்

ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் மூன்று அனுமதியும் சேர்த்துச் சாதாரணமாகக் கேட்டால் கிடைக்காது. எம்மேப்புக்கு மேப்_ஜிட் என்ற கொடியைக் கொடுக்க வேண்டும். ஹார்டன்ட் ரன்டைம் என்ற ஆப்பிளின் கூடுதல் பாதுகாப்போடு வெளியிடும் ஆப் என்றால் ஜிட் உரிமையும் சேர்த்துக் கையெழுத்திட வேண்டும். எழுதும் முன்னும் பின்னும் பிதிரெட்_ஜிட்_ரைட்_புரொடெக்ட்_என்பி என்ற ஃபங்ஷன். புரொடெக்‌ஷன் கீ போலவே இதுவும் அந்தத் திரெட்டுக்கு மட்டும்தான் மாறும், சிஸ்டம் கால் செலவும் இல்லை. அந்த மேடையில் வேறு எதையும் யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

காவலர்கள் என்ன சொல்வார்கள்

உங்கள் மேசையில் ஓடுவது, நிறுவப்படும் இடத்திலும் ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியில் ‘மெமரிடினைரைட்எக்ஸிக்யூட்’ என்று ஒரு அமைப்பு உண்டு. அதைப் போட்டால் மூன்று அனுமதி கேட்கும் எம்மேப்பும் தடை, ‘ஓட்டு’ அனுமதி கேட்கும் எம்புரொடெக்ட்டும் தடை. அதாவது ஒழுக்கமாக எழுதி, மூடி, ஓட்டுகிற நிரலும் அங்கே விழும். புரொடெக்‌ஷன் கீ வழியோ மூன்று அனுமதியும் சேர்ந்த பகுதியில்தான் நிற்கிறது, அதற்கும் இடமில்லை. ஆனால் மெம்எஃப்டியின் இரட்டை மேப்பிங் சாதாரணமாகத் தப்பித்துவிடும். சிஸ்டம்டியின் ஆவணமே இந்த ஓட்டையைச் சொல்லி, மெம்எஃப்டி_கிரியேட்டையும் சேர்த்துத் தடுக்கச் சொல்கிறது. லினக்ஸின் பாதுகாப்பு அடுக்கான எஸ்ஈலினக்ஸில் எக்ஸெக்மெம் என்ற உரிமை இல்லாத இடத்தில், தனிப்பட்ட மெமரியை ஓட்டும்படி மாற்ற முடியாது. லினக்ஸ் 6.3 முதல் ஒரு புராசஸ் தனக்குத்தானே இதே போன்ற தடையைப் போட்டுக்கொள்ளவும் முடியும்.

இந்தத் தடைகளைச் சுற்றி வருவதற்காக மெம்எஃப்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நிர்வாகி வேண்டாம் என்று சொன்னதை, ஓட்டை இருக்கிறது என்பதற்காகச் செய்வது உங்கள் லைப்ரரியின் பெயரைக் கெடுக்கும். இரட்டை மேப்பிங்குக்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, அவை போதும்.

நான் இன்று புதிதாகத் தொடங்கினால் செய்வது இதுதான். எழுதுபவரும் ஓட்டுபவரும் ஒரே திரெட் என்றால், அல்லது ஒருமுறை எழுதி முடித்துவிடுகிற வேலை என்றால், எம்புரொடெக்ட். அதற்கு மேல் தேட மாட்டேன். பல திரெட் ஒரே கோட் பகுதியைப் பகிர்ந்தால் இரட்டை மேப்பிங், ஃபோர்க் விஷயத்தை முதல் நாளே தீர்த்துவிட்டு. அளந்து பார்த்து, எழுதும் மேப்பிங்கை வைத்து நீக்கும் செலவு உண்மையிலேயே உறுத்தினால் மட்டும் கீ. அதுவும் தொடக்கத்தில் பிகீ_அலாக் கூப்பிட்டுப் பார்த்து, ஈநோஸ்பிசி (கீ கிடையாது) என்ற பிழை வந்தால் பேசாமல் இரட்டை மேப்பிங்குக்கே திரும்பிவிடும்படி. தொடக்கத்திலேயே ஒரு பக்கத்தை வாங்கி, வெறும் ரிட்டர்ன் கட்டளையை எழுதி, அனுமதி கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது. மறுத்தார்கள் என்றால் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, ஜிட் இல்லாமல், மெஷின் கோடாக மாற்றாமலே படித்து ஓட்டும் இன்டர்பிரட்டரிலேயே ஓடட்டும். மெதுவாக ஓடினால் பயனர் புகார்தான் சொல்வார். முதல் ஹாட் லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் சுழலில்) செத்துப்போனால் நிரலையே கழற்றிவிடுவார்.